வெள்ளைச் சீற், நீலக் கரை

பிஸ்கட் ரின்னின் மூடியைத் திறந்து சரசுவின் மூக்குக்குக் கீழே பிடித்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு ஒரு தரம் மூச்சை இழுத்தாள். இழுத்ததும் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள்.

"இது சரிவராது."

"ஆறாவதுக்கும் இதைத்தானே சொன்னனீர்."

"ஆறாவது பரவாயில்லை. இது வயித்தைப் பிரட்டுது. கொண்டுபோய் வேலிக்கரையிலை வையுங்கோ."

ரின்னுக்குள் இருந்தது பிஸ்கட் அல்ல. உள்ளங்கை அளவான ஒரு றெக்சின் துண்டு. சென்னையில் இருந்து வந்தது. துண்டை ரின்னுக்குள் போட்டு, இறுக மூடி, மத்தியான வெயிலில் முற்றத்தில் வைத்துவிடுவேன். வெயில் சரிந்ததும் சரசுவைக் கூப்பிடுவேன். வெயிலில் விட்ட காரின் கதவைத் திறந்தால் என்ன மணம் வருமோ அதே மணம் ரின்னைத் திறந்தாலும் வரும் என்பது என்னுடைய கணக்கு. அதுவரை ஏழு துண்டுகள் பார்த்தாயிற்று. நான்கு கொழும்பில் இருந்து வந்தவை, மூன்று சென்னையில் இருந்து.

என் பழைய மொறிஸ் மைனர் காரின் எஞ்சின், தகரம், நிறப்பூச்சு பற்றியெல்லாம் முந்திய வாரங்களில் எழுதிவிட்டேன். புதிதாக வாசிப்பவர்களுக்கு இவ்வளவு போதும். வவுனியாவில் ஒரு வீட்டின் பின்வளவில் வெறும் கோதாகக் கிடந்ததை வாங்கி, கிளிநொச்சிக்குக் கொண்டுவந்து, ஓடுகிற கார் ஆக்கியிருந்தேன். ஆனால் அதற்குள் இருக்க இடமில்லை. எலி தின்று முடித்த பிறகு இருக்கைகளில் மிஞ்சியது இரும்புச் சட்டமும் முப்பத்தேழு சுருள் கம்பிகளும்தான். எண்ணித்தான் எழுதுகிறேன். இரண்டு தரம் எண்ணினேன்.

சத்தி

என் மனைவி சரசுவுக்கு வாகனம் ஒத்துக்கொள்ளாது. பஸ்ஸில் பரந்தன் சந்தி தாண்டமுதலே வயிறு பிரட்டிச் சத்தி எடுத்துவிடுவாள். குளிரூட்டிய வான் என்றால் இன்னும் மோசம். மகளின் புதுக் காரில் ஏறி, வாசற் படலையைத் தாண்டமுதலே இறங்கிவிட்டாள். தேசிக்காய், இஞ்சி, நாக்குக்குக் கீழே வைக்கிற குளிசை எல்லாம் பார்த்தாயிற்று. ஓட்டோவில் சந்தை வரைக்கும் போவாள். அதற்கு மேல் எங்கே போவதென்றாலும் மடியில் ஒரு பை வேண்டும். தூரத்தைப் பொறுத்து இரண்டு பை.

அவளுடைய ஒரே தங்கை தவமணி முல்லைத்தீவில் இருக்கிறாள். முழங்கால் தேய்ந்து, பஸ் படி ஏற முடியாதவள். அக்காவும் தங்கையும் பின்னேரம் தவறாமல் ரெலிபோனில் கதைப்பார்கள். குழம்புக்குப் புளி விட்டது முதல் பூனை குட்டி போட்டது வரைக்கும் கதை போகும். முகம் பார்த்துப் பல வருடம். கடைசியாக ஒரு கலியாண வீட்டில் சந்தித்தார்கள். அதைச் சந்திப்பு என்று சொல்ல முடியாது. சரசு போய் இறங்கிய கையோடு ஓர் அறைக்குள் படுத்தவள், திரும்பி வரத்தான் எழும்பினாள்.

ஒரு பின்னேரம் ரெலிபோனை வைத்துவிட்டு, முருங்கையிலை உருவிக்கொண்டே சொன்னாள்:

"இனி ரெண்டு பேரிலை ஒராளின்ரை செத்தவீட்டுக்குத்தான் மற்றவள் வருவாள் போலை."

கவலையாகச் சொல்லவில்லை. இலை உருவுகிற கை நிற்கவும் இல்லை. எனக்குத்தான் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

படுத்துக் கிடந்து, சரசு சத்தி எடுக்காத வாகனங்களை ஒவ்வொன்றாக எண்ணினேன். மாட்டுவண்டி ஒன்று. உழவு இயந்திரப் பெட்டி இரண்டு. மூன்றாவதாக ஒரு கார். ஒரேயொரு கார்.

இரண்டு கதலிப்பழம்

அப்போது நாங்கள் இரணைமடுவில், குளத்து அலுவலகத்து விடுதியில் இருந்தோம். குளத்தின் நீர்மட்டத்தை அளவுகோலில் பார்த்துப் பதிவது என் வேலைகளில் ஒன்று. மூத்தவள் சரசுவின் வயிற்றில் இருந்தாள். டொக்டர் வவுனியாவுக்குக் கொண்டுபோய்க் காட்டச் சொன்னார். வாடகைக்கு ஓடிய சின்னத்துரையரின் மொறிஸ் மைனரைப் பிடித்தோம்.

நான் முன்னால் இருந்து, பையை விரித்துப் பிடித்தபடி, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனேன். முறிகண்டியில் அவள் இரண்டு கதலிப்பழம் சாப்பிட்டாள். மாங்குளத்தில் தண்ணீர் குடித்தாள். வவுனியா வந்தபோது என் கையில் இருந்த பை வெறும் பையாகவே இருந்தது. பிள்ளைத்தாச்சி, மேடுபள்ள வீதி, கொதிக்கிற வெயில், ஆனால் ஒரு துளி சத்தி இல்லை.

அதே கார், அதே இருக்கை, அதே மணம் கிடைத்தால் அதே பலன் கிடைக்காதா? சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். என் பிள்ளைகளும் சிரித்தார்கள். எழுபது தாண்டிய மனிதனுக்குக் கார் ஆசை வந்துவிட்டது என்று மகன் தாய்க்குச் சொன்னானாம். எனக்குக் காரில் ஆசை இல்லை. இன்றைக்கும் இல்லை. காரை ஓட்டும்போது எனக்கு நெஞ்சு படபடக்கும்.

ஆகவே, உள்வேலை தொடங்கமுதல் சரசுவிடம் கேட்டேன்.

"சின்னத்துரையரின்ரை காரிலை சீற் என்ன நிறம்?"

அவள் யோசிக்கவே இல்லை. "வெள்ளை. கரையிலை நீலக்கோடு."

"மணம்?"

"சவுக்காரம் மணந்தது. தொட்டால் குளிர்ச்சியாயிருக்கும்."

ஓம் என்றவர்கள், இல்லை என்றவர்கள்

பழைய காருக்கு இருக்கைத் துணி வாங்குவது உடுக்கிற சாரத்துக்குத் துணி வாங்குவது போல அல்ல என்பதை முதல் மாதத்திலேயே கற்றுக்கொண்டேன். துண்டு கேட்டு வாங்கவேண்டும். பின்பக்கத்தில் பருத்தித் துணி ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். மடித்து நகத்தால் அழுத்தினால் கோடு விழக்கூடாது. ஈரத் துணியால் தேய்த்தால் சாயம் வரக்கூடாது. முன் இருக்கைக்கும் பின் இருக்கைக்கும் ஒரே சுருளில் இருந்து வெட்டித் தருவார்களா என்று கேட்கவேண்டும். இல்லாவிட்டால் இரண்டும் இரண்டு நிறமாக வந்து நிற்கும்.

கொழும்புக் கடைக்காரரிடம் ரெலிபோனில் கேட்டேன். வெள்ளை, நீலக் கரை.

"இருக்கு ஐயா."

"மைனர் காருக்கு அளவாய் வருமோ?"

"எல்லாத்துக்கும் வரும் ஐயா."

"சவுக்காரம் மணக்குமோ?"

கடையில் யாரிடமோ கேட்கிற சத்தம் வந்தது. பிறகு, "செய்யலாம் ஐயா" என்றார்.

அவர் அனுப்பிய துண்டில் நீலக் கரையை ஈரத் துணியால் தேய்த்தேன். துணி நீலமாகியது.

சென்னைக்காரர் மிகப் பண்பானவர். "நீங்க என்ன கேக்கறீங்களோ அதை அப்படியே பண்ணிக் குடுத்துடலாம் சார்" என்றார். என்ன கேட்டாலும் அதே வசனம். பொருள் திறம். மடித்தால் கோடில்லை, தேய்த்தால் சாயமில்லை. ஆனால் ரின் சோதனையில்தான் தடுமாறியது.

மூன்றாவது இங்கிலாந்தில் ஒரு நிறுவனம். பழைய கார்களுக்கு இருக்கை உறை தைப்பது மட்டுமே அவர்களின் தொழில். லண்டனில் இருக்கும் மருமகள் தேடிப் பிடித்துத் தந்தாள். மின்னஞ்சலில் விபரம் எழுதினேன். தங்களுக்குத் தெரிந்தவரை அந்தக் காலத்து மைனருக்கு வெள்ளையில் நீலக் கரை வைத்த இருக்கை வந்ததில்லை என்று பதில் போட்டார்கள். சட்டத்தில் துணியை மாட்டுகிற கொழுவிகளுக்குக் கீழே பழைய துணியின் துணுக்கு ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கவும் சொன்னார்கள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. என் மனைவி அதில் இருந்து வவுனியா போனவள் என்று எழுதினேன். மன்னிக்கவேண்டும், அப்படி ஒன்று வந்ததாக எங்களிடம் பதிவு இல்லை என்று எழுதினார்கள். இப்படி நான்கு கடிதம் நான், நான்கு கடிதம் அவர்கள். இடையில் கொழுவிகளைக் கழற்றிப் பார்த்தேன். நகத்தளவு துணுக்கு ஒன்று இருந்தது. கடும் சிவப்பு. இது என் கார், சின்னத்துரையரின் கார் அல்லவே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

வாங்கு என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். வாங்காதே என்று சொல்ல இங்கிலாந்தில் ஒருவன் இருக்கிறான், அவனுக்கு வியாபாரம் தெரியவில்லை என்று சரசுவிடம் சொன்னேன்.

கடைசியில், பரவாயில்லை என்று அவள் சொன்ன ஆறாவது துண்டையே சென்னையில் தைப்பிப்பது என்று முடிவெடுத்து, அளவெடுக்க அன்ரனைக் கூப்பிட்டேன்.

அன்ரன் கேட்ட கேள்வி

அன்ரன் ஏ-ஒன்பது வீதியோரம் குஷன் கடை வைத்திருப்பவன். ஓட்டோச் சீற், மோட்டார் சைக்கிள் சீற், வீட்டுக் கதிரை எல்லாம் தைப்பான். முல்லைத்தீவுக் கரையில் மீன்பிடிக் குடும்பம். தகப்பன், தமையன்மார் எல்லாரும் கடலுக்குப் போனவர்கள். இவனுக்கு மட்டும் வள்ளத்தில் ஏறினால் சத்தி. "தமையன் என்னை மீனுக்கு இரையாய்ப் போடத்தான் கூட்டிக்கொண்டு போறவன்" என்று தானே சொல்லிச் சிரிப்பான். வாய் ஓயாது. தையலும் சில நேரம் கோணும்.

அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு காரைச் சுற்றி வந்தான். நான் விளக்கியதைக் கேட்டான். பிறகு என்னை விட்டுவிட்டு, மல்லி காயப்போட்டுக்கொண்டிருந்த சரசுவிடம் போனான்.

"அம்மா, ஐயா சொல்லுறது எனக்கு விளங்கேல்லை. நீங்கள் சொல்லுங்கோ. அந்தச் சீற்றிலை கோடு கோடாய்ப் போட்ட வரித்தையல் எத்தினை இருந்தது?"

"வரித்தையலோ? ஒண்டும் இல்லை. நாலு கரையும் மடிச்சுத் தைச்சிருந்தது, அவ்வளவுதான்."

"முதுகு சாயுற இடத்திலை?"

"அதுவும் அந்த ஒரே துண்டுதான். மேலை செருகிவிட்டால் கீழை தொங்கும்."

அன்ரன் என்னைப் பார்த்தான். நான் காரைப் பார்த்தேன்.

"தொங்குமோ அம்மா?"

"ஓம். நாங்கள் ஏறமுதல் சின்னத்துரையர் எடுத்து வெளியிலை உதறிப்போட்டுத் திரும்ப விரிச்சவர். நல்ல துப்புரவான மனுசன்."

அன்ரன் அப்படியே நிலத்தில் குந்திவிட்டான். சிரிப்பில் அவனுக்கு மூச்சு வரவில்லை.

"ஐயா, அம்மா சொல்லுறது பெட்சீற்றை."

"வேறை எதை?" என்றாள் சரசு.

"நான் சீற்றையல்லோ கேட்டனான்" என்றேன்.

"நானும் சீற்றைத்தானே சொன்னனான்."

"நான் கேட்டது இருக்கிற சீற்."

"அதுக்கு மேலைதானே இருந்தனான்."

"அப்ப அதுக்குக் கீழை இருந்த சீற் என்ன நிறம்?"

"அதை ஆர் கண்டது? வயித்திலை பிள்ளையோடை காருக்குள்ளை ஏறினவள் பெட்சீற்றைக் கிளப்பிப் பாக்கிறதோ?"

அன்ரன் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பினான். "ஐயா, வெள்ளைக்காரனோடை நாலு கடிதம் சண்டை பிடிச்சது பெட்சீற்றுக்கோ?"

நான் காரின் கதவைச் சாத்தினேன். 

கூரையும் ஒரு சீற்

எங்கள் ஆட்களின் எழுத்தில் இருக்கையும் சீற், விரிப்பும் சீற். ஆங்கிலத்தில் இரண்டு வேறு சொற்கள். எங்கள் வாயில் ஏறியதும் ஒன்றாகிவிடும். கட்டிலில் விரித்தால் பெட்சீற். அது கட்டிலை விட்டு இறங்கியதும் முன்பாதியை இழந்து வெறும் சீற் ஆகிவிடுகிறது.

இதற்கு மூன்றாவது அர்த்தமும் உண்டு. போர் முடிந்து மீளக் குடியேறிய நாட்களில் ஆளை ஆள் கண்டால் முதல் கேள்வி "சீற் கிடைச்சிட்டுதோ?" என்பதுதான். அது கூரைக்குப் போடுகிற தகரச் சீற். அதற்காக எங்கள் வரிசையில் நின்ற ஒரு பெரியவர், தனக்கு அனுதாபம் காட்ட வந்த கொழும்பு அலுவலர் ஒருவரிடம் "எனக்கு ஒரு சீற்றும் கிடைக்கேல்லை" என்று சொல்ல, அந்த நல்ல மனிதர் ஓடிப்போய்க் கதிரை ஒன்று கொண்டுவந்து வைத்து, "இருங்கள் ஐயா" என்றார். பெரியவர் அதில் இருந்தார். கதிரை நல்லது, ஆனால் மழைக்கு உதவாது என்றார்.

அந்தப் பெரியவரை நினைத்து அன்றைக்கு நானும் கொஞ்சம் சிரித்தேன். சிரித்ததும் கோபம் போய்விட்டது.

கடும் சிவப்பு

அன்று பின்னேரமே இங்கிலாந்துக்கு ஐந்தாவது கடிதம் எழுதினேன். உங்கள் கூற்றுச் சரி, எனக்குக் கடும் சிவப்பு உறைகள் அனுப்புங்கள் என்று மட்டும். பெட்சீற் விபரத்தை எழுதவில்லை. அவர்களுக்கு அது தேவையில்லை.

ஏன் அவர்களிடம் வாங்கினேன் என்று அன்ரன் கேட்டான். கேட்டதெல்லாம் இருக்கிறது என்று சொன்னவரிடம், நான் பிழையாகக் கேட்டால் பிழையான பொருளே வந்து சேரும். இல்லை என்று நான்கு தரம் சொன்னவன், தன் பொருளையும் பார்த்துத்தான் வெட்டியிருப்பான். பழைய காருக்குச் சாமான் தேடுகிற வாசகர்கள் யாரும் இருந்தால், விற்கிறவரிடம் இல்லாத ஒன்றைக் கேட்டுப் பாருங்கள். இல்லை என்று எவ்வளவு விரைவாகச் சொல்கிறார் என்று கவனியுங்கள்.

மருமகள் ஊருக்கு அனுப்புகிற பெட்டியில், பால்மா ரின்களுக்கும் சப்பாத்துகளுக்கும் நடுவில் உறைகள் கப்பலில் வந்தன. வரும்வரை எனக்கு நித்திரை இல்லை. ஈரம் பிடிக்குமோ, எலி நுழையுமோ, ஒரு துண்டு விடுபட்டிருக்குமோ என்று. பிரித்து எண்ணினேன். ஒன்றும் குறையவில்லை. ஒவ்வொரு உறையிலும் வரித்தையல், ஒரே இடைவெளி, ஒரே நூல். பின்பக்கம் தடித்த பருத்தி. வெட்டி மிஞ்சிய துணுக்கு ஒன்றையும் தனியே வைத்திருந்தார்கள். அதை ரின்னில் போட்டு வெயிலில் வைத்தேன்.

சரசு மணந்து பார்த்தாள். "மணக்குது. ஆனால் தாங்கலாம்."

உள்ளே வைக்க ஸ்பொஞ் போதும் என்றான் அன்ரன். ஸ்பொஞ்சும் அதை ஒட்டுகிற பசையும்தான் வெயிலில் அதிகம் மணக்கும் என்று நான் சொன்னேன். ஒரு பகல் முழுக்க வாக்குவாதம். கடைசியில் தென்னந்தும்பும் அதன்மேல் பஞ்சும் வைத்து, பசை தொடாமல் கட்டித் தைத்தான். முப்பத்தேழு சுருளும் உள்ளே போய் மறைந்தன.

கார் அழகாக இருந்தது. அந்தக் கடும் சிவப்பு இருக்கையில் வெயில் விழுந்தபோது நானே இரண்டு தரம் காரைச் சுற்றி வந்தேன்.

பிறகு சரசு சந்தையில் வாங்கி, கஞ்சிப்பசை போகும்வரை மூன்று தரம் சவுக்காரம் போட்டுத் தோய்த்த வெள்ளைப் பெட்சீற்றைக் கொண்டுவந்து, மேலே செருகி, கீழே தொங்கவிட்டாள். கரையில் நீலக்கோடு.

"கடல் தாண்டி வந்த சாமானை மூடிப்போட்டு வைக்கப்போறியளோ?" அன்ரனுக்குத் தாங்கவில்லை. "என்ரை தையலை ஆர் பாக்கிறது?"

"இறங்கின பிறகு பார்" என்றாள்.

விசுவமடுவில் நிறுத்தம்

ஒரு காலை புறப்பட்டோம். அவள் பின்னால், நான் ஓட்டுகிறேன். அவள் மடியில் இரண்டு பை. முன் கதவுகளின் முக்கோணக் கண்ணாடிகளைத் திறந்துவிட்டேன். காற்று நேரே அவள் முகத்தில் அடித்தது. பரந்தன் சந்தியில் கிழக்கே திருப்பும்போது பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் பார்த்தேன். வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தருமபுரம் தாண்டியது. நான் கதைக்கவில்லை. கதைத்தால் ஏதும் குழம்பிவிடுமோ என்று பயம். பின்னால் வந்த பஸ் ஹோண் அடித்து அடித்துக் கடந்து போனது. 

விசுவமடுவில், "நிப்பாட்டுங்கோ" என்றாள்.

 இவ்வளவு பாடும் இதற்குத்தானா என்று நினைத்துக்கொண்டு காரை ஓரம் கட்டினேன். இறங்கி ஓடிவந்து பின்கதவைத் திறந்து, பையை விரித்துப் பிடித்தேன்.

"இதென்ன செய்யிறியள்?" என்றாள். "அந்தக் கடையிலை கச்சான் வாங்கிக்கொண்டு வாங்கோ. சுடச்சுட வறுக்கிறாங்கள்."

கச்சான் கடலை வாங்கினேன். கோதுகளைச் சத்தியெடுக்க வைத்திருந்த பைக்குள் போட்டுக்கொண்டு, புதுக்குடியிருப்பு வரைக்கும் தின்றாள். வட்டுவாகல் பாலத்தில் நீர் இரண்டு பக்கமும் மினுங்கியது. நான் பாலத்தை மட்டும் பார்த்தேன். அவள் நீரைப் பார்த்தாள்.

தவமணி படலையில் பொல்லை ஊன்றியபடி நின்றாள். சரசு இறங்கியதும் கையைப் பிடித்து இழுத்தாள்.

"வா, வா. கதைக்காதை. கட்டில் போட்டுக் கிடக்கு. போய்ப் படு."

முன்னறையில் ஜன்னலோரம் கட்டில். தலையணை. பக்கத்துக் கதிரையில் வெட்டிய தேசிக்காய். கட்டிலுக்குக் கீழே ஒரு பேசின். காற்றாடி முன்கூட்டியே சுழன்றுகொண்டிருந்தது.

"ஏன் படுக்க?" என்றாள் சரசு. "எனக்குப் பசிக்குது. கச்சான் திண்டு பசி கூடிப்போச்சு. என்ன சமைச்சனி?"

தவமணி அக்காவின் முகத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். திரும்பவும் அக்காவைப் பார்த்தாள்.

"ஒண்டும் சமைக்கேல்லை. நீ வந்தால் பின்னேரம் மட்டும் எழும்ப மாட்டியே. கஞ்சிக்குத்தான் அரிசி ஊறப்போட்டனான்."

"கஞ்சி உன்ரை அத்தானுக்குக் குடு. எங்கை குசினி? மீன் கிடக்கோ?"

"திரளி கிடக்கு. வெட்டேல்லை."

"கொண்டா."

இருவரும் போனார்கள். பொல்லின் சத்தமும் செருப்பின் சத்தமும் குசினிக்குள் மறைந்தன. முன்னறையில் நான் மட்டும் நின்றேன். ஸ்ரியறிங்கை இறுக்கிப் பிடித்த விரல்கள் இன்னும் நிமிரவில்லை. முதுகு நொந்தது. நெஞ்சு இப்போதுதான் கொஞ்சம் அடங்கத் தொடங்கியது.

கட்டில் போட்டுக் கிடந்தது. யாரும் படுக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு நான் படுத்தேன்.

குசினியில் தேங்காய் திருவும் சத்தம் கேட்டது. இரண்டு குரல்களும் ஒரே நேரத்தில் கதைத்தன, ஒரே நேரத்தில் சிரித்தன. எது அக்காவின் சிரிப்பு, எது தங்கையின் சிரிப்பு என்று பிரித்து எண்ணிப் பார்த்தேன். எண்ணிக்கை இடையில் எங்கேயோ தவறிவிட்டது. திரும்ப முதலில் இருந்து எண்ணவில்லை. சோறு போட்டு எழுப்பும்வரை நித்திரை கொண்டேன்.